ஒரு ஊசியா, இரண்டா? பிள்ளைகளின் ஃப்ளூ தடுப்பூசியும் இடையில் வரும் 28 நாட்களும்

செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு இரவு அக்கா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். விசிட்டிங் கார்ட் அளவில் ஒரு சிறிய அட்டை. அதில் என் பெறாமகளின் பெயர், 2024 நவம்பரில் ஒரு திகதி, பக்கத்தில் கிறுக்கலாக 'ஃப்ளூ' என்று ஒரு சொல், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். எந்தக் கம்பனியின் மருந்து, எத்தனை மில்லிலீற்றர், அடுத்தது எப்போது என்று ஒன்றும் இல்லை. கீழே குரல் பதிவு: "தங்கச்சி, நீ உதுகளைப் பற்றி எழுதுறனிதானே. பிள்ளைக்கு இந்த முறை ஒண்டு போடுறதோ, ரெண்டு போடுறதோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு. ரொறன்ரோவிலயிருந்து மாமி ஒண்டு காணும் எண்டுறா. இங்க டொக்டர் ரெண்டு எண்டுறார். எனக்கு விசர் பிடிக்குது."

சிறிய கேள்வி என்றுதான் நினைத்தேன். ஒரு பின்னேரத்தில் முடியும் என்று தொடங்கியது இரண்டு கிழமை எடுத்தது. நான் வைத்தியர் இல்லை. வழிகாட்டல்களைத் தேடி வாசித்து, எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை நல வைத்தியரிடமும், எங்கள் பகுதிக் கிளினிக்கின் மிட்வைஃப் அக்காவிடமும், ஒரு பாமசிக்காரரிடமும் கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்காவைப் போல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெற்றோர் வேறு பலரும் இருப்பார்கள்.

முதலில் பின்னணி. பிள்ளைக்கு அடிக்கடி முட்டு வரும். மழை தொடங்கினால் நெபுலைசர் பிடிக்க ஓடவேண்டும். அதனால்தான் 2024 நவம்பரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் 'மர்மக் காய்ச்சல்' என்ற பதற்றம் வந்தது நினைவிருக்கும். பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. அந்தப் பயம் அடங்குவதற்குள் ஜனவரியில் இவளுக்குக் காய்ச்சல். டெங்குவா என்று பார்த்தார்கள், இல்லை. எலிக்காய்ச்சலா என்று பார்த்தார்கள், இல்லை. மூக்கில் எடுத்த மாதிரியில் இன்புளுவன்சா ஏ என்று வந்தது. முட்டும் சேர்ந்துகொண்டதால் நான்கு நாள் வார்ட்டில் இருந்தார்கள். அன்றிலிருந்து அத்தானுக்குத் தடுப்பூசியில் நம்பிக்கை போய்விட்டது. "காசு குடுத்து ஊசி போட்டும் வந்ததுதானே" என்பதே அவருடைய ஒரே பேச்சு. அதற்குப் பதில் சொல்லாமல் ஒன்றா இரண்டா என்பதைப் பேச முடியாது.

பதில் இதுதான். அவளுக்கு அந்த முறை பாதித் தடுப்பூசிதான் கிடைத்தது.

ஏன் இரண்டு?

ஃப்ளூ தடுப்பூசியைப் பெரியவர்கள் வருடத்துக்கு ஒன்று போடுவார்கள். அது போதும். எங்களுடைய உடல் இன்புளுவன்சாவைப் பல தடவை சந்தித்துவிட்டது. நாங்கள் சாதாரணத் தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்த சில காய்ச்சல்கள்கூட அதுவாக இருந்திருக்கலாம். ஆகவே எங்களுக்குப் போடும் ஊசி, உடல் ஏற்கனவே படித்த பாடத்தை நினைவூட்டும் வேலையைத்தான் செய்கிறது. ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழைய பாடமே இல்லை. முதல் ஊசி வைரஸை அறிமுகப்படுத்துகிறது. அதில் உருவாகும் நோயெதிர்ப்பு பல பிள்ளைகளில் போதுமான அளவுக்கு எழும்புவதில்லை. இரண்டாவது ஊசி விழும்போதுதான் அது ஒழுங்காக ஏறுகிறது.

அதனால்தான் 6 மாதத்திலிருந்து 9 வயது நிறையும் வரையான பிள்ளைகள் முதன்முதலாக ஃப்ளூ ஊசி போடும்போது, குறைந்தது 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 9 வயதுக்கு மேல் என்றால் முதல் தடவையாக இருந்தாலும் ஒன்றே போதும். 6 மாதத்துக்குக் கீழே எந்த ஃப்ளூ ஊசியும் போடக்கூடாது. அந்தச் சின்னக் குழந்தைகளைக் காப்பாற்ற உள்ள வழி, தாய் கர்ப்பமாக இருக்கும்போது ஊசி போட்டுக்கொள்வது. தாயின் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்த பிறகு வீட்டில் உள்ள மற்றவர்கள் போட்டுக்கொள்வதும் உதவும்.

4 கிழமை என்பது ஆகக் குறைந்த இடைவெளி. இதைப் பலர் மாறி விளங்கிக்கொள்கிறார்கள். 28 நாட்களுக்கு முன் போட்டால் இரண்டாவது ஊசியால் கிடைக்கவேண்டிய எழுச்சி ஒழுங்காகக் கிடைக்காமல் போகலாம். ஆனால் 28ஆம் நாளைத் தவறவிட்டால் முதல் ஊசி வீணாகிவிட்டது என்றோ, மீண்டும் முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்றோ இல்லை. ஐந்தாம் கிழமை, எட்டாம் கிழமை, எப்போது முடியுமோ அப்போது அந்த இரண்டாவதைப் போட்டால் சரி. பிந்தினால் வரும் நட்டம் வேறு விதமானது. இடையில் பிள்ளை அரைகுறைப் பாதுகாப்போடு காய்ச்சல் காலத்துக்குள் போகிறது. பெறாமகளுக்கு நடந்தது அதுதான்.

அக்கா ஏன் இரண்டாவதுக்குப் போகவில்லை? போனார். டிசம்பரில் போனபோது மருந்து முடிந்துவிட்டது, அடுத்த வருடம் வாருங்கள் என்று அந்த வைத்தியசாலையில் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே "இரண்டு தேவை, இரண்டாவதை ஒதுக்கி வைக்கவா" என்று யாரும் கேட்கவில்லை. அட்டையில் எழுதியும் கொடுக்கவில்லை. நான் பேசிய பாமசிக்காரர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. இந்த மருந்து இறக்குமதியாவது. ஒவ்வொரு பருவத்துக்கும் குறிப்பிட்ட அளவுதான் வரும், முடிந்தால் முடிந்ததுதான் என்றார். ஆகவே முதல் ஊசி போடப் போகும் அன்றே இரண்டாவதைப் பதிந்துவிட்டு வாருங்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

ரொறன்ரோ மாமி சொன்னதும் பிழையில்லை

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். போன வருடம் ஒன்றுதான் போட்டது. இந்த வருடம் ஒன்றா, இரண்டா?

மாமியும் டொக்டரும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதால் இருவரில் ஒருவர் பிழை என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாடுகளின் விதிகளே இந்த இடத்தில் பிரிகின்றன. கனடாவின் வழிகாட்டலில், முந்தைய எந்தப் பருவத்திலாவது ஒரு ஊசி ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கு அடுத்த பருவங்களில் வருடத்துக்கு ஒன்று போதும். அமெரிக்காவில் பல வருடங்களாகக் கையாளப்பட்ட விதி வேறு. அங்கே அந்தப் பருவம் தொடங்கும் முன், அதாவது யூலை 1க்கு முன், வாழ்நாளில் மொத்தம் இரண்டு ஊசியாவது போட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பருவத்தில் மீண்டும் இரண்டு. அந்த இரண்டும் ஒரே வருடத்தில் போடப்பட்டிருக்க வேண்டியதில்லை, அடுத்தடுத்த வருடங்களாகவும் இருக்கவேண்டியதில்லை. மொத்தக் கணக்குத்தான் முக்கியம். எட்டு வயதில் முதலாவதைப் போட்டு, இடையில் ஒன்பதாவது பிறந்தநாள் வந்தாலும் இரண்டாவதைப் போடவேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

லண்டன் சொந்தக்காரர்கள் சொல்வது இன்னொரு கதை. அங்கே ஆரோக்கியமான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்பிறே, அதுவும் ஒரு தடவைதான். ஆனால் முட்டு, இருதய நோய் போன்ற ஆபத்துப் பிரிவில் உள்ள, முன்பு போடாத சின்னப் பிள்ளைகளுக்கு அங்கேயும் 4 கிழமை விட்டு இரண்டாவது உண்டு. பாடசாலைகளில் பெருந்தொகைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்து, பரவலையே குறைக்கப் பார்க்கும் நாட்டின் கணக்கு அது. எங்களுடைய கணக்கு தனி வீட்டின் கணக்கு. சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் மூன்று நாட்டு விதிகளும் ஒரே நேரத்தில் வந்து விழுவதுதான் எங்கள் பிரச்சினை. (சமையல் குறிப்பென்றால் பரவாயில்லை.)

நான் கேட்ட குழந்தை நல வைத்தியர் அக்காவின் டொக்டரோடு உடன்பட்டார். காரணத்தை எளிமையாகச் சொன்னார்: பிள்ளைக்கு முட்டு இருக்கிறது, போன வருடம் ஒன்றோடு நின்றது, மருந்து கிடைக்கிறது, கூடுதலான ஒரு ஊசியால் தீங்கு இல்லை. முட்டு இல்லாத, வசதி குறைந்த ஒரு வீடாக இருந்து ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ஒன்றும் போடாமல் விடுவதைவிட அந்த ஒன்றைப் போடச் சொல்வேன் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வழிகாட்டல்களில் காசைப் பற்றிய வரி இருப்பதில்லை.

எங்கள் நாட்டில் ஃப்ளூ ஊசி அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. 1978 இல் தொடங்கிய தேசிய தடுப்பூசித் திட்டம் எங்களுக்குப் பெருமைப்படக்கூடிய ஒன்று. பிறந்தவுடன் பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கான ஊசியும் போலியோவும், 9 மாதத்தில் எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எல்லாம் வாசலுக்கு வந்து கூப்பிட்டுப் போடுகிறார்கள். நாள் தவறினால் மிட்வைஃப் அக்கா வீட்டுக்கே வருவார். ஃப்ளூ ஊசிக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். நாள் பார்ப்பதும், மருந்து தேடுவதும், இரண்டு தடவை சனல் பண்ணுவதும், இரண்டு தடவை ஓட்டோ பிடிப்பதும் தாயின் தலையில்தான். இரண்டாவது ஊசி தவறிப்போவதற்கு மறதியைவிட இந்த அலைச்சல்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கொப்பியில் இருக்கும் ஒரு குழப்பம்

இடையில் ஒன்று. அக்கா முதலில் என்னோடு வாதாடினார்: "அவளுக்குச் சின்னனிலயே இன்புளுவன்சா ஊசி மூண்டு போட்டாச்சு. கிளினிக் கொப்பியில இருக்கு." பார்த்தால் அது ஹிப். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசியில் உள்ள ஐந்தில் ஒன்று. அதன் முழுப்பெயர் ஹீமோபிலஸ் இன்புளுவன்சே வகை பி. அக்கா கூகுளில் தேடி அந்தப் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அது ஒரு பக்ரீரியா. ஃப்ளூ ஒரு வைரஸ். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. 1892 இல் ரிச்சர்ட் பைஃபர் என்ற ஜேர்மன் விஞ்ஞானி ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இந்தப் பக்ரீரியாவைக் கண்டு, இதுதான் நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனிதரில் ஃப்ளூவை உண்டாக்கும் வைரஸை 1933 இல் லண்டனில் பிரித்தெடுத்த பிறகுதான் அவர் சொன்னது பிழை என்பது உறுதியானது. ஆனால் பெயர் மாறவில்லை. 130 வருடத்துக்கு முந்தைய ஒரு பிழை யாழ்ப்பாணத்தில் ஒரு தாயைக் குழப்புகிறது. இலங்கையில் 2008 முதல் கொடுக்கப்படும் ஹிப் ஊசி மூளைக்காய்ச்சலையும் நியூமோனியாவையும் தடுக்கும் அருமையான ஊசி. ஆனால் அது ஃப்ளூவைத் தடுக்காது.

எந்த மாதத்தில் தொடங்குவது?

இதுதான் எங்களைப் போன்ற நாடுகளில் உண்மையான சிக்கல். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஃப்ளூவுக்கு ஒரு குளிர்காலம் இருக்கிறது. செப்டெம்பர், ஒக்டோபரில் போட்டால் முடிந்தது. இலங்கையில் அது வருடம் முழுவதும் சிறிதளவில் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் பொதுவாக இரண்டு உச்சங்கள் தெரிகின்றன. ஒன்று ஏப்ரலிலிருந்து யூன், யூலை வரை. மற்றது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. இரண்டாவது எங்கள் மாரி மழையோடு வருகிறது. முதலாவது எவ்வளவு மோசமாகலாம் என்பதை 2018 மே மாதத்தில் தென் மாகாணம் கண்டது. இன்புளுவன்சாவும் வேறு வைரஸ்களும் சேர்ந்து பரவியபோது சின்னப் பிள்ளைகள் பலர் உயிரிழந்தார்கள். வகுப்புகளை மூடவேண்டி வந்தது.

தடுப்பூசியும் வருடத்துக்கு இரண்டு விதமாகத் தயாராகிறது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், எந்தெந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும், செப்டெம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் அறிவிக்கிறது. தயாரித்து வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். ஆகவே தென் அரைக்கோள மருந்து மார்ச், ஏப்ரல் அளவிலும், வட அரைக்கோள மருந்து செப்டெம்பர், ஒக்டோபர் அளவிலும் சந்தைக்கு வரும். வரைபடத்தில் நாங்கள் வட அரைக்கோளம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல் வரைபடம் பார்த்து வருவதில்லை.

இனிப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஊசி போட்டு ஏறத்தாழ இரண்டு கிழமைக்குப் பிறகுதான் பாதுகாப்பு ஏறும். முதல் தடவைப் பிள்ளைக்கு அதற்கு முன் 4 கிழமை இடைவெளி வேண்டும். மொத்தம் 6 கிழமை. நவம்பர் நடுப்பகுதிக்குள் பிள்ளை தயாராக இருக்கவேண்டும் என்றால் ஒக்டோபர் முதல் கிழமையில் முதல் ஊசி விழவேண்டும். 2024 இல் அக்கா முதல் ஊசியையே நவம்பரில்தான் போட்டார். இரண்டாவது கிடைத்திருந்தாலும் டிசம்பர் கடைசியில்தான் முழுப் பாதுகாப்பு வந்திருக்கும். ஏப்ரல் உச்சத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. மார்ச்சில் மருந்து வந்தவுடன் போட்டால்கூட, சித்திரைப் புத்தாண்டுப் பயணங்களுக்குப் பிறகுதான் இரண்டாவது சரிவரும். அப்படியிருந்தும் போடலாம். உச்சம் தொடங்கிவிட்டது என்பதற்காகக் கைவிடவேண்டியதில்லை, யூன் வரை காய்ச்சல் சுற்றும்.

இரண்டு ஊசியும் ஒரே பருவ மருந்தாக இருப்பது நல்லது. கம்பனி மாறினாலும் பரவாயில்லை. பெட்டியில் எந்த வருடம், எந்த அரைக்கோளம் என்று அச்சிட்டிருக்கும். பாருங்கள், காலாவதித் திகதியையும் பாருங்கள். முன்பு 'நான்கு வகை' என்று இருந்த பெட்டி இப்போது 'மூன்று வகை' என்று இருந்தால் மலிவான மருந்தைத் தந்துவிட்டார்கள் என்று சண்டை பிடிக்கவேண்டாம். பி/யமகட்டா என்ற ஒரு வகை வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. கொவிட் முடக்க காலத்தில் அது அழிந்துபோயிருக்கவேண்டும் என்று கருதுகிறார்கள். அதைச் சேர்ப்பது இனித் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2023 செப்டெம்பரில் கூறியது.

அளவிலும் ஒரு கேள்வி வரும். முன்பு 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 0.25 மில்லிலீற்றர் என்ற பாதி அளவு வழக்கம். இப்போது பல மருந்துகளில் 6 மாதக் குழந்தைக்கும் முழு 0.5 மில்லிலீற்றர்தான். மருந்துக்கு மருந்து வேறுபடும் என்பதால் பெட்டியில் உள்ள துண்டைப் பார்த்துத்தான் போடவேண்டும். 'பாதி போட்டால் இரண்டு பிள்ளைக்கும் காணும்' என்று வீட்டில் முடிவெடுக்கக்கூடாது. 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி என்பதும் இந்த அளவும் தனித்தனி விடயங்கள்.

மற்ற ஊசிகளோடு மோதுமா?

பிள்ளைக்கு மூன்று வயது முடிந்ததால் கிளினிக்கில் இரண்டாவது எம்.எம்.ஆர். போடவேண்டியிருந்தது. ஃப்ளூ ஊசிக்கும் அதற்கும் ஒரு மாதம் இடைவெளி விடவேண்டும் என்று யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அந்த விதி உண்டுதான், ஆனால் வேறு ஊசிகளுக்கு. எம்.எம்.ஆர்., யப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்த ஊசிகள் இரண்டு என்றால், ஒரே நாளில் போடவேண்டும் அல்லது 4 கிழமை விடவேண்டும். நாங்கள் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதை எம்.எம்.ஆருக்கு முதல் நாளும் போடலாம், அடுத்த நாளும் போடலாம், ஒரே நாளில் வேறு கையிலோ தொடையிலோ போடலாம். உயிருள்ள வைரஸ் இல்லாததால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடும் என்பதும் நடக்காது. போட்ட இடத்தில் நோவு, ஒன்றிரண்டு நாள் சிறு காய்ச்சல், சிணுங்கல் ஆகியவை வரலாம்.

ஃப்ளூ ஊசிக்காக அட்டவணை ஊசியை ஒருபோதும் பிற்போடாதீர்கள் என்பதை மிட்வைஃப் அக்கா மூன்று தடவை சொன்னார். அவருக்கு அதில் அனுபவம் இருக்கிறது. 2011 இல் எங்கள் நாட்டில் சின்னமுத்துக்கான முதல் ஊசி 9 மாதத்திலிருந்து 12 மாதத்துக்கு, எம்.எம்.ஆர். ஆக மாற்றப்பட்டது. காரணம் நியாயமானது. ஒரு வயதில் போட்டால் எதிர்ப்புச் சக்தி நன்றாக வரும், நோயும் அப்போது மிகக் குறைவாக இருந்தது. ஆனால் 2013, 2014 இல் சின்னமுத்து மீண்டும் பரவியபோது ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் நிறையப் பாதிக்கப்பட்டார்கள். 2015 இல் எம்.எம்.ஆரை 9 மாதத்துக்கு முன்னே கொண்டுவந்து, யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை 12 மாதத்துக்குத் தள்ளினார்கள். மூன்று மாத வித்தியாசம்தான். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

தடிமன், இலேசான இருமல், அன்ரிபயோட்டிக் குடிப்பது, இன்ஹேலர் பாவிப்பது எதுவும் ஃப்ளூ ஊசிக்குத் தடையில்லை. கடும் காய்ச்சல் என்றால் மாறும்வரை பொறுக்கலாம். முட்டை ஒவ்வாமை பற்றி முன்பு பயந்தார்கள். இப்போது அதற்காக விசேட ஏற்பாடு தேவையில்லை என்பதே நிலைப்பாடு, ஆனாலும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடுமையான ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு மட்டும் வைத்தியர் தீர்மானிக்காமல் போடக்கூடாது. எந்த ஊசிக்குப் பிறகும் 20 நிமிடம் அங்கேயே இருங்கள்.

துண்டைக் கொடுத்துப் பாமசியில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லும் இடங்கள் உண்டு. இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். வெயிலில் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது சரியில்லை. ஐஸ் கட்டியின்மேல் நேரடியாக வைப்பதும் சரியில்லை. உறைந்துபோன மருந்து கெட்டுவிடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாமசியில் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தரச் சொல்லி நேரே போங்கள். முடிந்தால் வைத்திருக்கும் இடத்திலேயே போடுங்கள்.

அத்தானின் கேள்விக்கு மிச்சப் பதிலும் இருக்கிறது. இரண்டும் ஒழுங்காகப் போட்டாலும் ஃப்ளூ வராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஊசி வைரஸோடு நன்றாகப் பொருந்தும் வருடங்களில் வைத்தியரைத் தேடிப் போகவேண்டிய ஃப்ளூவை 40 முதல் 60 வீதம் வரை குறைக்கிறது என்பதே பொதுவான கணக்கு. தடிமன் தரும் மற்ற வைரஸ்களுக்கு அது ஒன்றும் செய்யாது. முன்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மூக்கு ஒழுகாத மாதம் இருக்கப்போவதில்லை. நாங்கள் காசு கொடுப்பது வார்ட்டில் படுக்கும் அந்த நான்கு நாளைத் தவிர்க்கும் வாய்ப்புக்கு. 2018 ஆம் ஆண்டில் உலகில் 5 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 870,000 பிள்ளைகள் ஃப்ளூவோடு தொடர்பான சுவாச நோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதாக ஒரு சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படி ஒருமுறை போய்வந்தவள் என்பதால் அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாக வாசிக்க முடியவில்லை.

ஊசி போட்டாயிற்று என்பதற்காக மாரியில் வரும் காய்ச்சலை ஃப்ளூ என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அதே மாதங்களில்தான் டெங்குவும் எலிக்காய்ச்சலும். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து, குறிப்பாக இபுபுரூபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின், வைத்தியர் சொல்லாமல் கொடுக்கவேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும்.

அத்தான் முழுதாக நம்பவில்லை. "சரி, இந்த முறை ரெண்டையும் போட்டுப் பாப்பம்" என்றார். எம்.எம்.ஆர். செப்டெம்பர் கடைசியில் கிளினிக்கில் போட்டாயிற்று. ஃப்ளூ ஊசி முதலாவது ஒக்டோபர் 4, சனிக்கிழமை. இந்த முறை வேறு இடம். அக்கா கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய் மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், அளவு எல்லாவற்றையும் அதிலேயே எழுத வைத்தார். இரண்டாவதுக்கு அன்றே முற்பணம் கட்டி, பெட்டியில் பிள்ளையின் பெயரை ஒட்டிப் பிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தீபாவளியும் கந்தசஷ்டியும் இடையில் போய்விடும். நவம்பர் 1, அதுவும் சனிக்கிழமை. சரியாக 28 நாள். சமையலறைக் கலண்டரில் அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறது. ஏன் என்று பெறாமகள் கேட்டதற்கு, அன்றைக்குச் சித்தி வருவா என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு இப்போது என்னுடையது.